தெளிவாகச் சொல்லாத ஸ்கேன் அறிக்கை

சினைப்பையில் நீர்க்கட்டி இருக்கிறது என்று உறுதியாகச் சொல்லும் அறிக்கையைவிட, கட்டி இன்ன வகை என்று கூற இயலவில்லை, சில வாரங்கள் கழித்து மறுபடியும் ஸ்கேன் எடுத்துப் பார்க்கவும் என்று முடியும் அறிக்கைதான் பெண்களை அதிகமாக அலைக்கழிக்கிறது. அந்த வரியைப் படித்த இரவே கைப்பேசியில் தேடத் தொடங்கி, விடிவதற்குள் புற்றுநோய் வரை போய்விட்டு வராதவர்கள் குறைவு. நானும் அப்படி ஓர் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு உறக்கமில்லாமல் கிடந்தவள்தான். அதற்குப் பிறகு படித்ததையும் மருத்துவர்களிடம் கேட்டு அறிந்ததையும் வைத்துச் சொல்கிறேன்: அப்படி எழுதப்படும் அறிக்கை பெரும்பாலும் நேர்மையான அறிக்கை. அதை ஒரு சொல் விளக்கமும் இல்லாமல் உறையில் போட்டுக் கொடுத்து அனுப்பிவிடும் வழக்கத்தின் மீதுதான் எனக்குக் கோபம்.

மாதவிடாய் வந்துகொண்டிருக்கும் பெண்ணின் சினைப்பை மாதம் முழுவதும் ஒரே தோற்றத்தில் இருப்பதில்லை. ஒவ்வொரு சுழற்சியிலும் கருமுட்டையைச் சுமக்கும் நீர்ப்பை ஒன்று ஏறக்குறைய 2 செ.மீ. வரை வளர்ந்து, உடைந்து, முட்டையை வெளியேற்றுகிறது. சில மாதங்களில் அது உடையாமலேயே வளர்ந்துவிடும். சில மாதங்களில் உடைந்த பிறகு அந்த இடத்திற்குள் இரத்தம் கசிந்து தேங்கிவிடும். இரண்டையுமே ஸ்கேன் கட்டி என்றுதான் காட்டும். இந்த வயதுப் பெண்களிடம் 3 செ.மீ.க்கு உட்பட்ட தெளிந்த நீர்ப்பையைச் சினைப்பையின் இயல்பான வேலையாகவே மருத்துவம் கருதுகிறது. அதைவிடப் பெரியவற்றிலும் பெரும்பாலானவை இரண்டு மூன்று சுழற்சிகளுக்குள் தாமாகவே மறைந்துவிடுகின்றன. (இரண்டு சினைப்பைகளிலும் சிறுசிறு நீர்ப்பைகள் நிறைந்திருக்கும் பிசிஓஎஸ் முற்றிலும் வேறு விஷயம், அது ஹார்மோன் சமநிலை தொடர்பானது, அதை இங்கே கலக்க வேண்டாம்.)

அப்படியானால் ஏன் தெளிவாகச் சொல்ல முடிவதில்லை? அல்ட்ராசவுண்ட் கருவி ஒலி அலைகளின் எதிரொலியைப் படமாக்குகிறது. தெளிந்த நீர் முழுக் கறுப்பாகத் தெரியும். அதில் யாருக்கும் ஐயம் வருவதில்லை. உள்ளே இரத்தம், கொழுப்பு, முடி, பழைய இரத்தம் கெட்டிப்பட்ட குழம்பு என்று ஏதேனும் இருந்தால் படம் பலவகைச் சாம்பல் நிறங்களில் வரும். இரத்தம் கசிந்த கட்டிக்குள் மெல்லிய வலைப்பின்னல் போன்ற கோடுகள் தெரிவதுண்டு; உறைந்த இரத்தம் சுவரில் ஒட்டிக்கொண்டால், அது திசு வளர்ச்சியோ என்று எண்ண வைக்கும். எண்டோமெட்ரியோசிஸால் (கருப்பையின் உட்சுவர் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் நோய்) வரும், பழைய இரத்தம் தேங்கிய சாக்லேட் கட்டியும், முடியும் கொழுப்பும் அடங்கிய டெர்மாய்டு கட்டியும் தத்தமக்குரிய அடையாளங்களைக் கொண்டிருந்தாலும், எல்லாப் படங்களிலும் அவை பளிச்சென்று விழுவதில்லை. வயிற்றின் மேல் வைத்து எடுக்கும் ஸ்கேனில் குடலில் உள்ள வாயு சினைப்பையை மறைத்துவிடுவதும் உண்டு. பிறப்புறுப்பு வழியாக எடுக்கும் ஸ்கேன் சினைப்பைக்கு அருகிலிருந்து காட்டுவதால் பல நேரங்களில் கூடுதல் தெளிவு தருகிறது.

இந்த இடத்தில்தான் காத்திருப்பு ஒரு பரிசோதனையாகவே மாறுகிறது. உறைந்த இரத்தம் சில வாரங்களில் கரைந்து சுருங்கும். சாக்லேட் கட்டியும் டெர்மாய்டும் அப்படியே இருக்கும். ஆறு முதல் பன்னிரண்டு வாரங்களுக்குப் பிறகு வரச் சொல்வது இந்த வேறுபாட்டைக் காண்பதற்காகத்தான். மாதவிடாய் முடிந்த சில நாட்களில் அந்த ஸ்கேனை எடுத்தால், புதிதாக வளரும் நீர்ப்பையைப் பழைய கட்டி என்று எண்ணிக் குழம்பும் வாய்ப்பும் குறையும்.

இத்துறையில் கைதேர்ந்தவர்களும் இந்தத் தெளிவின்மையை ஒப்புக்கொண்டே விதிமுறைகளை வகுத்திருக்கிறார்கள். ஐஓடிஏ என்ற பன்னாட்டு ஆய்வுக் குழு 2008-இல் வெளியிட்ட எளிய விதிகளில், தீங்கற்ற கட்டிக்கு ஐந்து அடையாளங்களும் புற்றுக்கட்டிக்கு ஐந்து அடையாளங்களும் உள்ளன. இரண்டு பக்கமும் அடையாளம் இருந்தாலோ, எதுவுமே இல்லாவிட்டாலோ, முடிவு சொல்ல இயலாது என்பதுதான் விதி. அந்த ஆய்விலேயே ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குக் கட்டிகள் அந்த வகையில்தான் சேர்ந்தன. அமெரிக்கக் கதிரியல் கல்லூரி 2020-இல் கொண்டுவந்த ஓ-ராட்ஸ் முறையில், புற்றுநோய்க்கான வாய்ப்பைக் குறிக்க, கட்டிகளுக்கு 0 முதல் 5 வரை எண்கள் தரப்படுகின்றன. அதில் 0 என்றால் ஸ்கேன் முழுமையாக அமையவில்லை என்று பொருள். ஐந்துக்கு மூன்று என்று பார்க்கும் பெண், ஆபத்து பாதிக்கு மேல் என்று நடுங்கிப்போகிறாள். உண்மையில் 3 என்பது புற்றுநோய்க்கான வாய்ப்பு நூற்றுக்குப் பத்துக்கும் குறைவு என்பதைக் குறிக்கிறது. 2 என்றால் ஒன்றுக்கும் குறைவு. இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்வதற்கு அரை நிமிடம் போதும். அதைச் சொல்லாமல் விடுவதற்கு நேரமின்மையைக் காரணமாகக் காட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

அச்சத்தைத் தணிப்பதற்கென்று எழுதிக் கொடுக்கப்படும் சிஏ-125 இரத்தப் பரிசோதனையை (சினைப்பைப் புற்றுநோயில் உயரக்கூடிய ஒரு புரதத்தின் அளவைப் பார்ப்பது) பற்றியும் எனக்கு மனத்தாங்கல் உண்டு. மாதவிடாய் நாட்களிலும், கருவுற்றிருக்கும்போதும், எண்டோமெட்ரியோசிஸ், கருப்பைத் தசைக்கட்டி, இடுப்புப் பகுதித் தொற்று, காசநோய் போன்றவற்றிலும் அந்த அளவு உயரும். தொடக்க நிலைப் புற்றுநோய் உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு உயராமலும் இருக்கும். மாதவிடாய் நின்ற பெண்களிடம் ஸ்கேனோடு சேர்த்துப் பார்க்கும்போது அதற்குப் பயன் இருக்கிறது. முப்பது வயதுப் பெண்ணுக்குச் சாதாரண நீர்ப்பைக்காக அதை எடுத்து, 35 என்ற எல்லையைச் சற்றே தாண்டிய எண்ணைக் காட்டுவது, ஏற்கெனவே இருக்கும் கவலைக்கு மேல் இன்னொரு கவலையைச் சுமத்துவதாகவே முடிகிறது.

எதற்கு வம்பு, எடுத்துவிடலாம் என்று வீட்டாரும் சில நேரங்களில் மருத்துவரும் சொல்லும் அறிவுரை இதைவிடக் கவலைக்குரியது. கட்டியை மட்டும் உரித்தெடுக்கும்போதும் அதனோடு சினைப்பைத் திசு சிறிது போகலாம். குறிப்பாகச் சாக்லேட் கட்டி அறுவையில் கருமுட்டை இருப்பு குறையக்கூடும். குழந்தை பெற விரும்பும் பெண்ணுக்கு இது சிறிய இழப்பு இல்லை. பெரிய கட்டி, ஐயத்துக்குரிய அடையாளங்கள், தீராத வலி என்று காரணம் இருந்தால் அறுவை தேவைதான். மனநிம்மதி ஒன்றையே காரணமாகக் கொண்டு கத்தி வைப்பதை நான் எதிர்க்கிறேன். கட்டியைக் கரைப்பதற்கென்று தரப்படும் கருத்தடை மாத்திரையும், ஏற்கெனவே உள்ள நீர்க்கட்டியை விரைவாக மறைய வைப்பதில்லை என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

ஆகவே, காத்திருங்கள் என்று சொல்லும் மருத்துவரிடம் சிலவற்றைக் கேட்டுப் பெற்றுக்கொள்வது நம் உரிமை. கட்டியின் அளவு என்ன, உள்ளே இருப்பது நீரா அல்லது வேறா, திடமான பகுதியும் அதில் இரத்த ஓட்டமும் தெரிகின்றனவா, எந்த வகை என்று நீங்கள் ஐயப்படுகிறீர்கள், அடுத்த ஸ்கேனில் எது மாறியிருந்தால் நிம்மதி, எது மாறாவிட்டால் எம்ஆர்ஐ அல்லது வேறு நிபுணர் என்று கேளுங்கள். இயன்றால் மறு ஸ்கேனை அதே இடத்தில் எடுங்கள். இயலாவிட்டால் பழைய அறிக்கையோடு படங்களையும் கொண்டு செல்லுங்கள், ஏனெனில் ஒப்பிட எதுவும் இல்லாத இரண்டாவது ஸ்கேன் மறுபடியும் முதல் ஸ்கேனாகவே ஆகிவிடும்.

நான் இதுவரை சொன்ன பொறுமை எல்லாருக்கும் ஒரே அளவில் பொருந்தாது. மாதவிடாய் நின்ற பிறகு தென்படும் கட்டியை, அது சிறியதாக இருந்தாலும், நிபுணர் ஒருவர் மதிப்பிட்டுத் தொடர்ந்து கவனிக்க வேண்டும். வாரக்கணக்கில் நீங்காத வயிற்று உப்புசம், கொஞ்சம் உண்டதுமே வயிறு நிறைந்துவிடுதல், அடிக்கடி சிறுநீர் கழிக்கத் தோன்றுதல் ஆகியவை புதிதாகத் தொடங்கியிருந்தால், குறிப்பாக ஐம்பதைத் தாண்டியவர்கள், அடுத்த ஸ்கேன் தேதி வரை ஒத்திப்போடக் கூடாது. எந்த வயதானாலும், அடிவயிற்றில் ஒரு பக்கம் திடீரெனக் கடும் வலி எடுத்து வாந்தியும் வந்தால் சினைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். அப்போது இரத்த ஓட்டம் தடைபட்டுச் சினைப்பையே பறிபோகக்கூடும் என்பதால், மாத்திரை போட்டுப் பார்த்துக்கொண்டிருக்காமல் அந்த நேரத்திலேயே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். காத்திருக்கச் சொல்லும் ஒவ்வொரு அறிக்கையின் அடியிலும் இந்த இரண்டு மூன்று வரிகள் அச்சிடப்பட்டிருக்க வேண்டும் என்பது என் கோரிக்கை.