சர்வரை நிறுத்த ஒரு நாள் கொடுங்கள்

கோவையில் ஒரு தொழிற்சாலையின் ஐடி பிரிவில் 12 வருடமாக வேலை செய்கிறேன். ஆபீஸில் எங்களுக்குப் பெயர் ‘சிஸ்டம்காரங்க’. பிரிண்டர் நின்றாலும் பாஸ்வேர்டு மறந்தாலும் எங்களைத்தான் கூப்பிடுவார்கள். அதில் வருத்தமில்லை, அதுவும் எங்கள் வேலைதான். சர்வரை எப்போது நிறுத்துவது என்பதில் எங்கள் பேச்சு எடுபடுவதில்லையே, அதுதான் ஆதங்கம்.

அப்டேட் போட இரண்டு மணி நேரம் கேட்டால், மாதக் கடைசி, இப்போது வேண்டாம் என்பார்கள். அது முடிந்தால் 11ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, 20ஆம் தேதி 3பி என்று ஜிஎஸ்டி கணக்கு தாக்கல். அப்புறம் டிஸ்பாட்ச் நெருக்கடி. மறுபடியும் மாதக் கடைசி வந்துவிடும்.

2017 மே 12 அன்று ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வான்னாக்ரை வைரஸ் பரவியது நினைவிருக்கலாம். அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் பேட்ச்சை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14ஆம் தேதியே கொடுத்துவிட்டது. இரண்டு மாதம் இருந்தும் இங்கிலாந்தில் பல அரசு மருத்துவமனைகளில் அதைப் போடவில்லை. ஆயிரக்கணக்கான நோயாளிகளின் அப்பாயின்ட்மென்ட் ரத்தானது.

அடுத்த மாதமே நாட்பெட்யா என்ற இன்னொரு வைரஸ் வந்து மேர்ஸ்க் கப்பல் நிறுவனத்தைச் சாய்த்தது. பத்து நாட்களில் 4,000 சர்வர்களையும் 45,000 கம்ப்யூட்டர்களையும் புதிதாக நிறுவினார்கள். அவர்களுடைய டொமைன் கன்ட்ரோலர்கள், அதாவது நெட்வொர்க்கில் யார் நுழையலாம் என்று சரிபார்க்கும் சர்வர்கள், ஒன்றுக்கொன்று நகலாக இருந்தன. ஆனால் எல்லாம் ஒரே நேரத்தில் அழிந்தன. கானாவில் ஒன்று மட்டும் தப்பியது. தாக்குதலுக்கு முன்பே அங்கே கரண்ட் போய், அது நெட்வொர்க்கில் இல்லாமல் இருந்ததுதான் காரணம்!

இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. எங்களிடமும் தினமும் பேக்கப் ஓடுகிறது, வெற்றி என்று மெயிலும் வருகிறது. அதைத் திரும்ப ஏற்றிப் பார்த்ததே இல்லை. ஒருவழியாகப் பழைய சர்வர் ஒன்றில் ரீஸ்டோர் செய்து பார்த்தோம். டேட்டாபேஸ் சரியாக வந்தது. ஆனால் ஸ்கேன் செய்த பில்கள் இருக்கும் ஃபோல்டர் பேக்கப்பில் சேர்க்கப்படவே இல்லை. மூன்று வருடமாக அப்படித்தான் இருந்திருக்கிறது, நானும் கவனிக்கவில்லை.

மெஷினுக்கு மெயின்டனன்ஸ் ஷட்டவுன் என்றால் யாரும் மறுபேச்சு பேசுவதில்லை, புரொடக்‌ஷன் பிளானிலேயே தேதி இருக்கும். சர்வருக்கும் அதே போல வேண்டும் என்று அந்த ஃபோல்டர் விஷயத்தை வைத்துத்தான் நிர்வாகத்திடம் பேசினேன். இப்போது மாதத்தின் இரண்டாவது ஞாயிறு, காலை ஆறு முதல் பன்னிரண்டு வரை எங்களுக்கு. அதை வாங்க எட்டு மாதம் ஆனது.

உங்கள் கம்பெனியிலும் ஒரு சிஸ்டம்காரர் இப்படிக் கேட்டு வந்து நிற்பார். தயவுசெய்து ஒரு தேதியைச் சொல்லி அனுப்புங்கள்.