அணுசக்தி விவாதங்களில் அறிக்கை எண்ணைக் கேட்க வேண்டும்

அணுசக்தியை ஆதரிப்பவரானாலும் எதிர்ப்பவரானாலும், "ஓர் ஆய்வு சொல்கிறது" என்று தொடங்கினால் அந்த ஆய்வின் அறிக்கை எண்ணை, அதாவது அறிக்கையின் அடையாள எண்ணை, கேட்பது என் வழக்கம். இத்துறையின் அடிப்படை எழுத்துகளில் பெரும்பகுதி ஆய்விதழ்களில் வந்ததல்ல. ஆய்வகங்கள் அரசுக்கு எழுதிய தொழில்நுட்ப அறிக்கைகளாகவே அவை இருக்கின்றன.

இவையெல்லாம் பூட்டி வைக்கப்பட்டவை என்ற எண்ணம் பலருக்கு உண்டு. ஆனால் சர்வதேச அணுசக்தி முகமை 1970 முதல் நடத்திவரும் ஐனிஸ் என்ற அணுசக்தி ஆவணத் தொகுப்பில் 40 லட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுகள் உள்ளன. அமெரிக்க எரிசக்தித் துறையின் ஓஸ்டி என்ற ஆவண இணையதளத்தில் பழைய அறிக்கைகளின் ஸ்கேன் பிரதிகளை இலவசமாகவே தரவிறக்கலாம். மங்கிய தட்டச்சு எழுத்துகளைக் கணினி தப்பும் தவறுமாகப் படித்திருக்கும் என்பதால், சொற்களைக் கொண்டு தேடுவதைவிட எண்ணைக் கொண்டு தேடுவதே கைகொடுக்கும்.

தேடி எடுத்தபின் முழுதாகப் படிக்கவும் வேண்டும். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகத்தில் 1965 முதல் 1969 வரை இயங்கிய உருகிய உப்புச் சோதனை உலையை (உருகிய உப்பில் எரிபொருளைக் கரைத்து இயக்கிய அணு உலையை), அன்றே வென்று காட்டிய தோரியம் மின்னுலை என்று பலர் பகிர்கிறார்கள். அது தோரியத்திலிருந்து உருவாக்கப்படும் எரிபொருளான யுரேனியம்-233 கொண்டு இயங்கிய முதல் உலை என்பது மெய்யான சாதனைதான். ஆனால் அது தந்தது சுமார் 8 மெகாவாட் வெப்பம் மட்டுமே. அதுவும் காற்றில்தான் விடப்பட்டது, ஒரு யூனிட் மின்சாரம்கூட எடுக்கப்படவில்லை. தோரியத்திலிருந்து எரிபொருளை ஈனும் அமைப்பும் அதில் கிடையாது. உலையை நிறுத்தியபின் ஆராய்ந்த ஹாஸ்டெல்லாய்-என் என்ற நிக்கல் கலப்புலோகப் பாகங்களின் மேற்பரப்பில் நுண்விரிசல்கள் காணப்பட்டன. அணுப்பிளவில் உண்டாகும் டெல்லூரியம் என்ற தனிமமே அதற்குக் காரணம் என்றும், கலவையில் நியோபியம் என்ற உலோகத்தைச் சேர்த்தால் விரிசல் குறைகிறது என்றும் அதே ஆய்வகத்தின் பிந்தைய அறிக்கைகள் சொல்கின்றன. முதல் அறிக்கையோடு நிற்பவர் கொண்டாடுவார், இடையில் நிற்பவர் கைவிரிப்பார். தொடரை முழுதாகப் படித்தவருக்கே அது தீர்க்கக்கூடிய பொறியியல் சிக்கலாகத் தெரியும்.

எதிர்த்தரப்பும் இதற்கு விலக்கல்ல. பெரிய அணு உலை விபத்தின் விளைவுகளைக் கணித்து 1957-இல் அமெரிக்காவில் வெளிவந்த வாஷ்-740 அறிக்கையின் 3,400 மரணங்கள் என்ற எண்ணை எடுத்தாள்பவர்கள், உலையிலுள்ள கதிரியக்கப் பிளவுப் பொருள்களில் பாதி அப்படியே வெளியேறுவதாகக் கொண்ட அனுமானத்தை விட்டுவிடுகிறார்கள்.

பழைய அறிக்கைகளில் கதிர்வீச்சு அளவு ரெம் என்ற பழைய அலகில் இருக்கும், இன்றைய அலகு சீவர்ட். 100 ரெம் ஒரு சீவர்ட் என்பதை மறந்து எண்களை அப்படியே ஒப்பிடும் பதிவுகளும் கண்ணில் படுகின்றன. மேற்கோள் காட்டுபவர்கள் அறிக்கை எண்ணுடன் ஆண்டையும் பக்கத்தையும் தந்தால் இவற்றை ஒரு நிமிடத்தில் சரிபார்த்துவிடலாம்.