அன்னைக்கே ஏன் யாரும் சொல்லலை?

2025 ஜனவரி 7. எங்கள் மேலூர்ப் பக்கத்து மலைகளில் டங்ஸ்டன் கனிமம் தோண்டுவதற்கான ஏலத்தை ரத்து செய்யச் சொல்லி நரசிங்கம்பட்டியில் இருந்து மதுரை தல்லாகுளம் வரை நடந்த கூட்டத்தில் நானும் இருந்தேன். எனக்கு முன்னால் அரிட்டாபட்டி அப்பத்தா ஒருவர். செருப்பு வார் அறுந்துபோக, இரண்டையும் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு தார் ரோட்டில் வெறுங்காலோடு வந்தார். கொஞ்ச தூரம் போனதும் திரும்பி, "இந்த ஏலச் சட்டத்தை எப்பய்யா போட்டாங்க?" என்றார்.

"ஒன்றரை வருசம் ஆச்சு அப்பத்தா."

"அன்னைக்கே ஏன் யாரும் சொல்லலை?"

எனக்குப் பதில் தெரியவில்லை. வீட்டுக்கு வந்துதான் தேடிப் படித்தேன். டங்ஸ்டன் உட்பட 24 கனிமங்களை ஏலம் விடும் அதிகாரத்தை மத்திய அரசின் கைக்குக் கொண்டுபோன சட்டத்திருத்தம் அது. 2023 ஜூலை 26 அன்று மக்களவைக்கு வந்தது. 28 அன்று நிறைவேறியது. ஆகஸ்ட் 2 அன்று மாநிலங்களவையிலும் முடிந்துவிட்டது. மணிப்பூர் கலவரத்துக்காக நாடாளுமன்றமே கொந்தளித்துக்கொண்டிருந்த நேரம். அந்தக் குரல் நியாயமான குரல், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த இரைச்சலுக்கு நடுவே ஒரே வாரத்தில் இரண்டு அவைகளையும் ஒரு மசோதா தாண்டிப் போயிருக்கிறது. அன்று எந்தக் கட்சி என்ன செய்தது என்ற சண்டைக்குள் நான் போகவில்லை. என் ஆதங்கம் வேறு. அது ஏன் நிலைக்குழுவுக்குப் போகவில்லை?

நாடாளுமன்றம் என்றதும் டிவியில் பார்க்கும் கூச்சல்தான் நம் நினைவுக்கு வருகிறது. கேள்வி நேரம், அப்புறம் பூஜ்ய நேரம், அப்புறம் ஒத்திவைப்பு. ஆனால் ஒரு மசோதாவை வரிவரியாகப் பிரித்துப் பார்க்கிற இடம் நிலைக்குழு. 1993-ல் துறைவாரியாக இவற்றை அமைத்தார்கள். இன்று 24 குழுக்கள். ஒவ்வொன்றிலும் மக்களவையில் இருந்து 21 பேர், மாநிலங்களவையில் இருந்து 10 பேர். உள்ளே கேமரா கிடையாது, கட்சி சொன்னபடிதான் நிற்க வேண்டும் என்கிற கொறடா உத்தரவும் கிடையாது. அதனால் ஆளுங்கட்சிக்காரரே கூட துறைச் செயலாளரை எதிரில் உட்காரவைத்து, "இது எதற்கு?" என்று கேட்க முடியும். நிபுணர்களை அழைப்பார்கள். பொதுமக்களிடம் கருத்து கேட்டு அறிவிப்பும் கொடுப்பார்கள். குழு சொல்வதை அரசு ஏற்றே ஆகவேண்டும் என்றில்லை. ஆனாலும் சொன்னது அறிக்கையில் பதிவாகி நிற்கும்.

2009 முதல் 2014 வரை இருந்த 15-வது மக்களவையில் நூற்றுக்கு 71 மசோதாக்கள் குழுவுக்குப் போயின. 17-வது மக்களவையில் அது 16 ஆகிவிட்டது. இந்த ஒரு கணக்கைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அந்த மசோதாவில் அரிட்டாபட்டி என்ற பெயர் இல்லை, சரி. ஆனால் குழுவுக்குப் போயிருந்தால் ஒரு அறிவிப்பு வந்திருக்கும். டெல்லியில் இருந்தபடி ஏலம் விட்டால் எந்தெந்த மலை சிக்கும் என்று யாராவது எழுதிப் போட்டிருப்பார்கள். கழிஞ்சமலையில் தமிழி என்ற பழந்தமிழ் எழுத்தில் உள்ள கல்வெட்டும், பாண்டியர் குடைவரைக் கோயிலும், 2022-ல் அரசே பல்லுயிர் பாரம்பரியத் தலம் என்று அறிவித்த காடும் இருக்கிற ஊர் இது. எழுத விஷயமா இல்லை?

இதிலும் ஒரு கொடுமை உண்டு. குழுவுக்கு அனுப்பும் கருத்தை ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் எழுதச் சொல்லி அறிவிப்பு வருகிறது. அவைக்குள் உறுப்பினர் தமிழில் பேசலாம், மொழிபெயர்க்க ஆள் இருக்கிறார்கள். மேலூர் விவசாயி தமிழில் எழுதும் ஒரு கடுதாசியை மொழிபெயர்க்க மட்டும் ஆள் கிடைக்காதா?

ஜனவரி 23 அன்று ஏலம் ரத்தானது. அன்று மேலூர்ப் பக்கம் வெடிச்சத்தம் ஓயவில்லை, நானும் கண்கலங்கினேன். ஆனால் ரத்தானது எங்கள் ஏலம் மட்டும்தான். சட்டம் அப்படியேதான் இருக்கிறது.

எந்தக் கட்சி எம்.பி.யாக இருந்தாலும் சரி, நான் கேட்பது இவ்வளவுதான். ஒவ்வொரு கூட்டத்தொடருக்கும் முன்னால் வரப்போகும் மசோதாக்களின் பட்டியல் வெளியாகிறது. அதைத் தமிழில் ஒரு தாளில் அடித்து, எது குழுவுக்குப் போகிறது, எது போகவில்லை என்று பக்கத்தில் குறித்து, எங்கள் ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டுங்கள். பசை வாங்கும் செலவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.