எம்பி4 கோப்பில் பின்னணி மறையாது
வீடியோவின் மேல் வைக்கும் எழுத்தைப் பற்றி, “பின்னணியை நீக்கிவிட்டு எம்பி4 ஆக ஏற்றுமதி செய்தால் போதும், எழுத்து மட்டும் தனியாக வரும்” என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். வராது. எடிட்டிங் மென்பொருள்கள் வழக்கமாகத் தரும் எச்.264 எம்பி4 கோப்பில் ஆல்பா சேனலே, அதாவது ஒவ்வொரு பிக்சலும் எவ்வளவு ஒளிபுகும் என்று சொல்லும் தகவலே, இருப்பதில்லை; வெறுமையான இடம் பெரும்பாலும் கறுப்பாகிவிடும். புரோரெஸ் 4444 அல்லது ஆல்பாவுடன் கூடிய விபி9 வெப்எம் போன்ற வீடியோ வடிவம் தேவை. புரோரெஸ் 422இலும் ஆல்பா கிடையாது. பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

எழுத்தைச் சுற்றிக் கறுப்பு விளிம்பு தெரிவதற்கு “தரம் குறைவு” என்று அவர் சொன்ன காரணமும் பொருந்தாது. வெள்ளை எழுத்தின் ஓரத்துப் பிக்சல் ஒன்றின் ஆல்பா 128 (0 என்றால் முழு வெறுமை, 255 என்றால் முழு நிறைவு) என்று கொள்வோம். கறுப்போடு முன்கூட்டியே பெருக்கிய, அதாவது நிறத்தை ஆல்பாவின் அளவுக்கு ஏற்கெனவே குறைத்து வைத்த, கோப்பில் அதன் நிறமும் 128 ஆகப் பதிவாகியிருக்கும். மென்பொருள் அதைப் பெருக்காத ஆல்பா என்று எண்ணி இன்னொரு முறை பெருக்கினால், வெள்ளைப் பின்னணியில் 255 வர வேண்டிய இடத்தில் ஏறத்தாழ 191 வரும். அந்தச் சாம்பல் கோடுதான் நீங்கள் பார்ப்பது. பிட்ரேட்டை (ஒரு நொடிக்கான தரவு அளவை) எவ்வளவு ஏற்றினாலும் அது போகாது (நானும் ஒரு மாலை முழுவதும் ஏற்றிப் பார்த்தவன்தான்). கிளிப்பின் பண்புகளில் ஆல்பா வகையை ‘முன்பெருக்கியது’ என மாற்றுங்கள்.