துருவத்துக்கு நடப்பவர்கள் செலவுக் கணக்கையும் சொல்லட்டும்

காது கேளாத குழந்தைகளுக்கு நிதி திரட்டுவதற்காக வட துருவம் வரை நடந்து செல்பவர்களைப் பற்றி நண்பர்களிடையே பேச்சு வந்தபோது, "அந்தப் பணத்தை நேராகவே கொடுத்துவிடலாமே, எதற்கு இந்த வீண் வேலை?" என்று பலரும் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் நேராக வந்து கேட்டிருந்தால் நம்மில் எத்தனை பேர் கொடுத்திருப்போம்? ஒருவர் உடம்பை வருத்திக்கொண்டு நடக்கிறார் என்றால் கை தானாக மடிக்குப் போகிறது. பாதயாத்திரை போகிறவர்களுக்கு வழிநெடுக நீர்மோர் கொடுக்கிற கடலூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நடையும் லேசுப்பட்டதன்று. பெரும்பாலோர் வட அட்சரேகை 89ஆவது பாகை (துருவம் 90ஆவது) அருகே விமானத்தில் போய் இறங்கி, எஞ்சிய ஒரு பாகையை, அதாவது சுமார் 111 கிலோமீட்டரை, கூடாரமும் உணவும் எரிபொருளும் ஏற்றிய சறுக்குவண்டியை இடுப்பில் கட்டி இழுத்தபடி கடக்கிறார்கள். காலுக்கடியில் இருப்பது கடல்மேல் மிதக்கும் பனிக்கட்டி என்பதால், இரவு தூங்கி எழுவதற்குள் அது அவர்களை வந்த வழியிலேயே பின்னால் கொண்டுபோய்விடுவதும் உண்டு. வண்டி இழுப்பதற்காக முன்கூட்டியே பழைய டயர்களைக் கட்டி இழுத்துப் பழகுகிறார்கள். (நம் கடலூர் சில்வர் பீச்சில் ஒருவர் அப்படி இழுத்தால் உதவிக்கு வருகிறவர்களைவிட வீடியோ எடுக்கிறவர்கள்தாம் அதிகம் இருப்பார்கள்.)

என் சங்கடம் வேறு இடத்தில் இருக்கிறது. இத்தகைய பயணத்துக்கு ஒருவருக்கே பல லட்சம் ரூபாய் செலவாகும். அது திரட்டிய நிதியிலிருந்து போகிறதா, நடப்பவரின் சொந்தப் பணமா என்பதை அறிவிப்பிலேயே எழுதிவிட வேண்டும். மிஞ்சுவது எதற்குப் போகிறது என்பதும் தெரிய வேண்டும். காக்ளியர் இம்ப்ளான்ட், அதாவது காதுக்குள் ஒரு கருவியைப் பொருத்தி வெளியே மிஷின் மாட்டும் அறுவைச் சிகிச்சை, தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்திலேயே சிறு குழந்தைகளுக்கு நடக்கிறது. குடும்பத்தின் கழுத்தை நெரிப்பது அதற்குப் பின்னால் வரும் செலவு. எங்கள் தெருவில் ஒரு தாய், காது மிஷின் பேட்டரியின் ஸ்டிக்கரை உரித்து, உள்ளே காற்றுப் போவதற்காக ஒரு நிமிடம் வைத்திருந்துவிட்டுத்தான் மகளின் காதில் மாட்டுகிறார். வியர்வையும் உப்புக்காற்றும் மிஷினுக்கு ஆகாது என்பதால் இரவில் அதைச் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் மூடி வைக்கிறார். பேட்டரி, கேபிள், வாரந்தோறும் பேச்சுப் பயிற்சிக்குப் போய்வரும் பேருந்துக் கட்டணம், அன்று விட்டுப்போன கூலி: இவை எதையும் புகைப்படம் எடுத்து நன்கொடையாளருக்கு அனுப்ப முடியாது. அதனாலேயே இவற்றுக்குப் பணம் வருவதில்லை என்பது என் எண்ணம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்திய சைகை மொழிக்கென டெல்லியில் 2015இல் மத்திய அரசு ஒரு நிறுவனம் தொடங்கி, பல ஆயிரம் சொற்களுக்கு அகராதியும் வந்துவிட்டது. ஆனால் எனக்குத் தெரிந்த குடும்பங்களில் பெற்றோருக்கு அதைக் கற்றுத்தர யாரும் வரவில்லை. துருவக் காற்றில் தலைமூடிக்குள் பேச்சு சரியாகக் கேட்காது, பல நேரம் கைச்சாடையில்தான் பேசிக்கொள்ள வேண்டும் என்கிறபோது, இந்தக் குழுக்களில் காது கேளாதவர் ஒருவரையும் ஏன் சேர்க்கக் கூடாது என்று கேட்கத் தோன்றுகிறது. பயணச் செலவைத் தாமே ஏற்று, காது கேளாதவர் ஒருவரையும் அழைத்துக்கொண்டு, வருகிற பணத்தைப் பேட்டரிக்கும் பயிற்சி ஆசிரியர்களின் சம்பளத்துக்கும் கொடுப்பதாக ஒரு குழு அறிவித்தால், கிலோமீட்டருக்கு இவ்வளவு நன்கொடை என்று நானும் எழுதித் தருவேன்.