வரியே இல்லை என்றார்கள்

கிழக்கு லண்டனில் வீட்டிலிருந்தே புடவை வியாபாரம் செய்யும் ஒரு அக்காவைப் பல வருஷமாகத் தெரியும். காஞ்சிபுரத்திலிருந்து வரவழைப்பார். பாதி லண்டனில் விற்கும், மீதி பாரிஸுக்கும் ஜெர்மனியின் டோர்ட்முண்டுக்கும் போகும். பிரெக்ஸிட், அதாவது ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டுப் பிரிட்டன் விலகியது, நடைமுறையில் உறைக்கும் வரை, 2020 டிசம்பர் வரை, அதில் ஒரு சிரமமும் இல்லை. மடித்து, கவரில் போட்டு, விலாசம் எழுதித் தபாலாபீஸில் கொடுத்தால் வேலை முடிந்தது.

2021 ஜனவரியில் பாரிஸுக்கு அனுப்பிய முதல் பட்டுப்புடவை திரும்பி வந்துவிட்டது. வாங்கியவரிடம் 20 சதவீத வாட், அதோடு சுங்க வரி, அதற்கு மேல் கூரியர் கட்டணம் என்று கேட்டிருக்கிறார்கள். அவர் பார்சலே வேண்டாம் என்றுவிட்டார். "வரியே இல்லாத ஒப்பந்தம்னு டிவியில சொன்னாங்களே தம்பி?" என்று அக்கா கேட்டது இன்னும் என் காதில் இருக்கிறது.

டிவியில் சொன்னது பொய்யில்லை. பிரிட்டனும் ஐரோப்பிய ஒன்றியமும் 2020 டிசம்பர் 24 அன்று முடிவு செய்த ஒப்பந்தத்தில் சுங்க வரி பூஜ்யம்தான். ஆனால் அந்தச் சலுகை இந்த இரண்டு இடங்களில் உற்பத்தியான பொருளுக்கு மட்டும். காஞ்சிபுரத்தில் நெய்த புடவை லண்டன் வழியாகப் போனாலும் இந்தியப் புடவைதான். லண்டனில் இறங்கும்போது ஒரு தடவை வரி, பாரிஸில் இன்னொரு தடவை. சரி, பிரிட்டனிலேயே செய்த பொருள் என்றால்? வரி கிடையாது, ஆனால் சுங்கப் படிவம் வேண்டும், எங்கே செய்தது என்று காட்டும் ஆவணம் வேண்டும். இறைச்சி, மீன் என்றால் சுகாதாரச் சான்றிதழும் வேண்டும். பெரிய கம்பெனி இதற்கென்று நாலு பேரை வேலைக்கு வைத்துக்கொள்ளும். தனி ஆளாகக் கடை நடத்துகிறவர் என்ன செய்வார்? லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் ஆய்வாளர்களின் கணக்குப்படி சுமார் 16,400 நிறுவனங்கள் ஒன்றியத்துக்கு ஏற்றுமதி செய்வதையே நிறுத்திவிட்டன.

என்னை அதிகம் வருத்துவது மீனவர்கள் கதை. ஒன்றியத்தை விட்டு விலகினால் எங்கள் கடல் எங்களுக்கே என்ற பேச்சை நம்பி வாக்களித்தவர்கள் அவர்கள். 2021 ஜனவரி 18 அன்று ஸ்காட்லாந்தின் மீன் லாரிகள் லண்டன் வந்து பிரதமர் வீட்டுக்குப் பக்கத்திலேயே நின்று எதிர்ப்புக் காட்டின. நண்டும் இறாலும் மறுநாளே பிரான்ஸ் சந்தைக்குப் போய்ச் சேர வேண்டிய சரக்கு. ஒரு படிவத்தில் ஒரு தவறு இருந்தால் லாரி முழுக்க நிற்கும். ஒரு நாள் நின்றால் விலை போச்சு.

பிரிட்டனின் பட்ஜெட்டைச் சுயேச்சையாக மதிப்பிடும் ஓ.பி.ஆர். அமைப்பு, ஒன்றியத்திலேயே இருந்திருந்தால் எட்டியிருக்கும் அளவைவிட நாட்டின் உற்பத்தித் திறன் நீண்ட காலத்தில் 4 சதவீதம் குறையும் என்கிறது. கொரோனாவும் உக்ரைன் போரும் நடுவில் வந்ததால் துல்லியமாகப் பிரிப்பது கஷ்டம், அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஈடுகட்ட வந்த ஒப்பந்தங்களைப் பாருங்கள். 2025 ஜூலையில் இந்தியாவோடு கையெழுத்தான ஒப்பந்தத்தால் திருப்பூர் பனியனுக்கு வரி போகிறது, அதில் எனக்கு மனதார சந்தோஷம். பிரிட்டனுக்கு அதனால் வரும் லாபம் என்று அந்த அரசே போட்ட கணக்கு ஜிடிபியில் 0.13 சதவீதம். ஆஸ்திரேலியா ஒப்பந்தத்துக்கு 0.08. பக்கத்து வீட்டுச் சந்தையில் விட்டதைக் கடல் கடந்து போய்ப் பிடிக்க முடியவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். காமன்வெல்த் குடிமக்கள் என்பதால் பிரிட்டனில் வசிக்கும் இந்திய, இலங்கை பாஸ்போர்ட்காரர்களுக்கு, ஒன்றியத்தில் இருப்பதா விலகுவதா என்று 2016இல் நடந்த வாக்கெடுப்பில் ஓட்டு இருந்தது. பிரெஞ்சு, ஜெர்மன் பாஸ்போர்ட்டோடு லண்டனில் குடியேறிய தமிழர்களுக்கு இல்லை. ஒரே கோயிலுக்கு வருகிறவர்களில் பாதிப் பேருடைய வாழ்க்கையை மீதிப் பேர் ஓட்டுப் போட்டுத் தீர்மானித்தோம். அப்போது இதையெல்லாம் யாரும் உட்கார்ந்து பேசவே இல்லை.

அக்கா இப்போது ஐரோப்பாவுக்கு அனுப்புவதில்லை. அவருடைய பாரிஸ் வாடிக்கையாளர்கள் வாட்ஸ்ஆப்பில் படம் பார்த்து நேராகக் காஞ்சிபுரத்திலேயே வாங்குகிறார்கள்.