மோரே கடத்தல் ஊர் இல்லை

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் ஒரு பேச்சாளர் பேசிய வீடியோவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். "மோரேயில் ஏது பொருளாதாரம்? கடத்தல்தான். அங்கே போய் உட்கார்ந்த தமிழனும் அதில் வளர்ந்தவன்தான்." அதற்குக் கைத்தட்டல் வேறு. மூன்று நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை.

மோரே மணிப்பூரின் எல்லை ஊர். இம்பாலிலிருந்து 110 கிலோமீட்டர். எல்லைக் கேட்டைத் தாண்டினால் நம்பாலோங் சந்தை, அப்புறம் ஐந்து கிலோமீட்டரில் பர்மாவின் தமு. அது கபாவ் பள்ளத்தாக்கு, நெல் விளைகிற பூமி. மோரேயைச் சுற்றி மலை. சீனக் கம்பளியும் செருப்பும் சீன எல்லையில் உள்ள மூசே வழியாக பர்மாவின் மாண்டலே வந்து, தமுவில் மலிவாகக் கிடைக்கும். மருந்தும் சைக்கிள் சாமானும் நம் பக்கம் மலிவு. இங்கே இல்லாதது அங்கே, அங்கே இல்லாதது இங்கே. இரண்டும் ஒரே சந்தை, நடுவில் ஒரு கேட்.

கடத்தல் என்ற பேர் எப்படி வந்தது? 1994-இல் இந்தியாவும் பர்மாவும் ஒப்பந்தம் போட்டு 1995 ஏப்ரலில் வியாபாரத்தைத் திறந்தார்கள். அனுமதித்தது 22 பொருள்: வெற்றிலை பாக்கு, இஞ்சி, மூங்கில், பயறு இப்படி. மலைக்குளிருக்கு வேண்டிய கம்பளி அதில் இல்லை. அதை மூட்டை கட்டி வந்தவர் கடத்தல்காரர் ஆகிவிட்டார். சென்னைத் துறைமுகத்தில் பர்மா உளுந்து இறங்குகிறது, நம் வீட்டு இட்லியில் அது இருக்கிறது. கப்பலில் வந்தால் இறக்குமதி, மூட்டையில் வந்தால் கடத்தலா?

என் தாத்தாவுக்கு ரங்கூனில் மளிகைக் கடை. 1964-இல் கடையை அரசு எடுத்துக்கொண்டது. அதே வருஷம் ஐம்பது, நூறு நோட்டும் செல்லாது என்றார்கள். கையில் இருந்ததும் போய், கப்பலேறி வந்து வியாசர்பாடியில் குடிசை போட்டார். இந்த ஊர் ஒட்டாமல், நடந்தே பர்மா போய்விடலாம் என்று கிளம்பியவர்களில் என் சித்தப்பாவும் ஒருவர். எல்லையில் திருப்பி அனுப்பினார்கள். மோரேயிலேயே தங்கிவிட்டார்.

2012-இல் போயிருந்தேன். சித்தி கல்லாவில் இரண்டு எவர்சில்வர் டப்பா வைத்திருந்தார். ஒன்றில் ரூபாய், இன்னொன்றில் ரப்பர் பேண்ட் போட்ட பர்மா நோட்டுக் கட்டுகள். தமுவிலிருந்து வந்த பையனிடம் பர்மீஸ், அடுத்து வந்த அம்மாவிடம் மணிப்பூரின் மெய்தேய், நடுவில் திரும்பி என்னிடம் "காப்பி குடிச்சியாப்பா?" ஒரு கம்பளிக்கு இருபது ரூபாய் லாபம் நிற்கும் என்றார். எதிரே குக்கி பழங்குடிப் பெண்கள் காய்கறிக் கூடையோடு உட்கார்ந்திருந்தார்கள். இதுதான் ஐயா அந்த ஊரின் பொருளாதாரம்.

"போதைப்பொருள் வரலையா?" என்று கமெண்டில் வருவீர்கள். வருகிறது. தங்கமும் பிடிபட்டிருக்கிறது. மறுக்கவில்லை. மீனம்பாக்கம் விமான நிலையத்திலும்தான் தங்கம் பிடிபடுகிறது. மீனம்பாக்கத்தில் குடியிருக்கிறவர்களைப் பார்த்து யாராவது இப்படிச் சொல்வார்களா?

உணர்ச்சிவசப்படுகிறேன் என்பீர்கள். ஆமாம், படுகிறேன். பள்ளிக்கூடத்தில் என் பேரே 'பர்மா பஜார்'. வகுப்பில் ஒரு பேனா காணாமல் போனால் முதலில் என் பையைத்தான் திறப்பார்கள். எல்லாம் இழந்து வந்த அகதிகள் பிழைக்க 1969-இல் வந்தது அந்த பஜார். அதற்கும் கடத்தல் என்ற பேர்தான் வைத்தீர்கள். எங்கே போய்க் கடை போட்டாலும் நாங்கள் திருட்டுச் சாமான்காரர்கள்தானா?

2020 மார்ச்சில் கொரோனாவுக்காக கேட்டை மூடினார்கள். அடுத்த வருஷம் பர்மாவில் ராணுவ ஆட்சி. 2023 மே மாதம் மணிப்பூர் இனக் கலவரத்தில் பற்றி எரிந்தது. சித்தப்பா கடை பூட்டித்தான் கிடக்கிறது. அவர் மகன் அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை பார்க்கிறான். நேற்று ராத்திரி போன் செய்தான்.

"அண்ணே, அந்த வீடியோவை யாரோ அப்பாவுக்கு அனுப்பிட்டாங்க. மூணு தடவை போட்டுக் கேட்டாராம். அப்புறம் போனை வெச்சிட்டுக் கடைச் சாவியை எடுத்துக்கிட்டுப் போனாராம். அம்மா சொன்னாங்க."